ஒழுகும் இடங்கள்

எட்டு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. அம்மா சொல்வதை அத்தையிடம் போய்ச் சொல்வது, அத்தை சொல்வதை அம்மாவிடம் வந்து சொல்வது. இருவரும் ஒரே குடிசையில்தான் இருந்தார்கள். அம்மாவின் அடுப்புக்கும் அத்தையின் அடுப்புக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. ஆனாலும் அந்தப் பத்தடியை என் கால்கள்தான் கடக்க வேண்டியிருந்தது.

"உப்பு இருக்கான்னு அத்தையைக் கேளு" என்பாள் அம்மா. அது அத்தையின் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் போய், "அத்தை, உப்பு இருக்கான்னு அம்மா கேக்குது" என்று சொல்லும்வரை அவள் சட்டியைத் தொடமாட்டாள். சொன்னதும் ஒரு கை அள்ளிக் கொடுப்பாள். "போதுமான்னு கேளு" என்பாள். நான் திரும்பிப் போவேன். எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்று உள்ளூரப் பெருமைதான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் மாமா இறந்துபோக, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் கூலிக்காரர்கள் சங்கம் வைத்தபோது பெண்களில் முதலில் கொடி பிடித்தது அவள்தான். அவள் கூப்பிட்டுத்தான் அப்பா சங்கத்துக்குப் போனார். அந்த வருஷத் தை மாத அறுவடையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். கைகலப்பாகி, அப்பாவையும் இன்னும் நாலு பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒரு வருஷம் திருச்சி ஜெயில் என்றாகிவிட்டது. அப்பாவை வண்டியில் ஏற்றிய அன்று அம்மா அத்தையைப் பார்த்து, "உங்க தம்பியை நீங்கதான் கொண்டுபோய் விட்டீங்க" என்றாள். அவர்கள் இருவருக்கும் நடுவே நடந்த கடைசிப் பேச்சு அது. மறுநாள் அத்தை மூன்று கல்லை வைத்துத் தனக்கென்று வேறு அடுப்பு மூட்டினாள். நானும் அன்றே வேலையில் சேர்ந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்பவருக்கே அந்த மனை சொந்தம் என்று புது ஆட்சி சட்டம் போட்டிருந்தது. அதுவரை எங்கள் தெரு மொத்தமும் மிராசுதாரின் நிலம். அவர் போ என்றால் கூரையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். கர்ணம் வந்து வீடுவீடாக எழுதிக்கொண்டு போனார். தெருவில் எல்லாருடைய பெயரும் ஏறியது. எங்கள் வீட்டுக்கு மட்டும் மிராசுதார் ஆட்சேபணை கொடுத்தார். அது வீடே இல்லை, தன்னுடைய வைக்கோல் கொட்டகை, அதில் இப்போது யாரும் குடியில்லை என்று. அதற்கு விசாரணை தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில், ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு.

இந்த விவரம் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. "தஞ்சாவூர் போறோம், பெரிய கோயில் பாக்கலாம்" என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அத்தையும் தனியே கூப்பிட்டு அதையே சொன்னாள். இரண்டு தடவை போகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு நாளாக விடாத மழை. விடிந்ததும் கிளம்பினோம். ஆளுக்கொரு கோணிச் சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வரப்பும் வாய்க்காலும் தெரியாத தண்ணீரில் மன்னார்குடிவரை நடந்தோம். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் நுனி மட்டும் தெரிய முங்கிக் கிடந்தது. அம்மா முன்னால் போனாள், அத்தை பின்னால் வந்தாள். நான் நடுவில்.

பஸ்ஸிலும் அப்படியே உட்கார்ந்தோம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் அம்மா, இந்தப் பக்கம் அத்தை, நடுவில் நான். எங்களுக்கு முன் இருக்கையில் மிராசுதாரின் காரியஸ்தர் இருந்தார். நிலபுலங்களைப் பார்த்துக்கொள்பவர், சலவை வேட்டிக்காரர். மடித்த குடையைக் காலிடுக்கில் நிறுத்தியிருந்தார். அவர் திரும்பிப் பார்த்து, "என்ன, ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கிட்டு வர்றீங்க?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே முன்னால் திரும்பிக்கொண்டார்.

வடுவூர் ஏரி கடல் மாதிரி கிடந்தது. அதைத் தாண்டி ஒரு சின்னப் பாலத்தருகே பஸ் நின்றது. தண்ணீர் பாலத்தின் மேல்தளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடியது. "எல்லாரும் எறங்கி நடந்து அந்தப் பக்கம் போங்க. வெறும் வண்டியா ஓட்டிப் பாக்கறோம்" என்றார் கண்டக்டர். பாலத்தின் மேல் கணுக்கால் அளவு செந்தண்ணீர் இழுத்தது. என் வலது கையை அம்மா பிடித்தாள், இடது கையை அத்தை பிடித்தாள். இருவரும் பிடித்த பிடியில் கை வலித்தது. பாதி வழியில் என் கால் தரையில் படவே இல்லை. அக்கரை போனதும் இருவரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள்.

தஞ்சாவூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது பதினொன்று அடிக்கவில்லை. ஆனால் அதிகாரி இல்லை. ஆற்றுக்கரை எங்கேயோ உடைத்துக்கொண்டது, பார்க்கப் போயிருக்கிறார் என்றார் டவாலி போட்ட சேவகர். "மூணு மணிக்கு வாங்க. இல்லாட்டிப் போனா வாய்தா."

அம்மா, "வாய்தான்னா என்னன்னு அத்தையைக் கேளு" என்றாள்.

"இன்னொரு நாளைக்கி வரச் சொல்லுவாங்க. அதுக்குள்ள நம்ம வீட்டுல வைக்கோலைக் கொண்டாந்து அடைச்சுருவாங்கன்னு சொல்லு" என்றாள் அத்தை.

அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் போன விதத்தைப் பார்த்து, நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன்.

மூணு மணிவரை ஒதுங்க இடம் வேண்டும். ஆபீஸ் வராந்தாவில் காரியஸ்தர் உட்கார்ந்திருந்தார். அத்தை பேசாமல் நடக்க ஆரம்பித்தாள். நாங்கள் பின்னால் போனோம். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஒரு மாட்டு வண்டி மிதந்து போவதுபோலப் போயிற்று. ஒரு மதில் திரும்பியதும் எனக்கு நடை நின்றுவிட்டது. மழைக்கு நடுவே அவ்வளவு உயரத்தில் கோபுரம் நின்றது. உச்சி மேகத்துக்குள் இருந்தது. மேலே செம்மண் நிறம், நடுவில் ஈரச் சாணி நிறம், அடியில் கறுப்பு என்று நனைந்த அளவுக்கு ஒவ்வொரு நிறம்.

அத்தை வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அம்மா வெளியிலேயே மழையில் நின்றாள்.

"நாம இங்கயே நிப்போம்னு அத்தைக்கிட்ட சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். "ஏன்னு கேளு" என்றாள் அத்தை. திரும்பி ஓடி வந்தேன். அம்மா பதில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சாமி பார்க்க நாங்கள் தேரடியோடு நின்றுவிடுவோம். அது கூட்டத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே கூட்டமே இல்லை. ஒரு ஆள், இரண்டு ஆடு, மழை. அம்மாவுக்கு என்ன தயக்கம் என்று விளங்கவில்லை. மூன்றாவது தடவை நான் ஓடும்போது வழுக்கி விழுந்தேன். அத்தை வந்து என்னைத் தூக்கி நிறுத்தினாள். பிறகு நேராக அம்மாவின் எதிரில் போய் நின்றாள்.

"நனையாதே, வா. யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா நான் பேசிக்கறேன்."

ஒன்பது மாதத்தில் அவள் அம்மாவிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை. அம்மா முந்தானையைப் பிழிந்துவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே நடந்தாள். யாரும் கேட்கவில்லை.

உள்ளே ஒரு மண்டபத்தில் பெரிய கல் மாடு உட்கார்ந்திருந்தது. அந்த ஊரிலேயே அன்று நனையாத மாடு அது ஒன்றுதான். மதிலையொட்டிச் சுற்றிவரும் மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. எங்கள் பள்ளிக்கூடமே ஒழுகும். ஒழுகாத கூரையின் கீழ் உட்கார்ந்து மழை பார்ப்பது அவ்வளவு சுகமென்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. எத்தனையோ இடத்தில் கல் விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். புளிச்சோறு. அத்தையும் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். இரண்டு அடுப்பு, இரண்டு கட்டுச்சோறு. ஆனால் அவள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வாசம் எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. வறுத்த கருவாடு.

"ஏன் அத்தை திங்கல?"

"கோயில்ல பிரிக்கலாமாடி இதை? சும்மா இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சாமிக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே என்பதுபோல் பொட்டலத்தின் மேல் சாக்கை வேறு இழுத்து மூடினாள்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். பிறகு தன் சோற்றில் பாதியை இலையோடு கிழித்து, "அத்தைக்கிட்ட குடு" என்றாள். அத்தை மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். "புளி தூக்கலா இருக்குன்னு சொல்லு" என்றாள். நான் சொன்னேன். "பசிக்கு அதெல்லாம் தெரியாதுன்னு சொல்லு" என்றாள் அம்மா. அதையும் சொன்னேன்.

மூன்றேகால் மணிக்கு அதிகாரி வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். மடித்துவிட்ட கால்சட்டைக்குக் கீழே முழங்கால்வரை சேறு. கலெக்டர் என்று நினைத்துப் பயந்திருந்தேன். அவர் கலெக்டருக்கு அடுத்தபடி இருந்தவர் என்று பின்னால் சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்.

காரியஸ்தர் முதலில் பேசினார். குரலில் நெய் வடிந்தது.

"ஐயா, அது வீடே இல்லீங்க. எங்க முதலாளி வைக்கோல் போட்டு வச்சிருந்த கொட்டகை. பாவமேன்னு கொஞ்ச நாள் இருக்கச் சொன்னாரு. இதோட புருஷன் ஜெயில்ல இருக்கான். இது தாய் வீட்டுக்குப் போயிருச்சு. அது அவன் அக்கா, அதுக்குப் புருஷன் ஊருல வீடு இருக்கு. இன்னிக்கின்னு ரெண்டு பேரும் சேந்து வந்திருக்காங்க. காலையிலேர்ந்து ஒரே பஸ்ஸில வர்றேங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல, ஒரு வார்த்தை பேசிக்கல. ஒரே வீட்டுல குடியிருக்கறவங்க இப்படியா இருப்பாங்க? நீங்களே கேட்டுப் பாருங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "ஏம்மா, ரெண்டு பேரும் பேசிக்கறதில்லையா?"

அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்தாள். சங்க மாநாட்டு மேடையில் ஏறி முழக்கம் போட்டவள் அத்தை. அவளுக்கு அன்று வாய் வரவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்தார். காரியஸ்தர் குடையை எடுத்துக்கொண்டார்.

அப்போது அதிகாரியின் கண் என்மேல் விழுந்தது.

"பாப்பா, நீ எங்க இருக்கே?"

"எங்க வீட்டுல."

"அங்க யார் யார் இருக்காங்க?"

"அம்மா, அத்தை, நானு. அப்பா தை மாசம் வந்துரும்."

"அம்மாவும் அத்தையும் பேசிக்குவாங்களா?"

பொய் சொன்னால் அம்மா அடிப்பாள். உண்மையைச் சொன்னாலும் அடிப்பாள் போலிருந்தது. "பேசிக்க மாட்டாங்க. நான்தான் போயிப் போயிச் சொல்லுவேன்" என்றேன்.

"என்ன சொல்லுவே?"

"உப்பு இருக்கான்னு. தீப்பெட்டி வேணும்னு. அப்பறம், மழை வந்தா சட்டியை நகத்தி வைக்கச் சொல்லி."

"எந்தச் சட்டி?"

"ஒழுவுற எடத்துல வைக்கிற சட்டி."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்கெங்க ஒழுவும்?"

இது எனக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. விரலை மடக்கினேன். "அம்மா அடுப்புக்கு நேரா ஒண்ணு. வாசப்படிக்கு உள்பக்கம் ஒண்ணு, அதுக்கு வாயி ஒடைஞ்ச பானை. என் பள்ளிக்கூடத்துப் பையி மாட்டுற எடத்துல ஒண்ணு. அத்தை படுக்கற பக்கம் ரெண்டு."

"மூணு" என்றாள் அத்தை, சுவரைப் பார்த்தபடியே.

அம்மா சட்டென்று திரும்பினாள். "எங்க மூணு? கெழக்கால ரெண்டுதானே?"

"நடுக்கம்பத்தை ஒட்டி ஒண்ணு. நேத்திலேர்ந்து."

"சொல்லக் கூடாதா? ராவு பூரா நனைஞ்சுக்கிட்டா கெடந்தீங்க?"

"யாருக்கிட்ட சொல்லச் சொல்ற?"

"இவக்கிட்ட சொல்லி அனுப்பறது!"

"இவ தூங்கிட்டா."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் கண் நிறைந்திருந்தது. கூரை ஒழுகுவதற்கு ஏன் அழ வேண்டும் என்று நினைத்தேன்.

அதிகாரி காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "கொட்டகை உங்க முதலாளியதுன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே. நீங்க சொல்லுங்க, எங்க ஒழுவும்?"

"வைக்கோல் போடற எடம்தானுங்களே ஐயா... அதையெல்லாம் யாரு பாத்தா."

"இவங்க பாத்திருக்காங்க" என்றார் அதிகாரி. "காலையிலேர்ந்து இந்த ஜில்லாவில ஒடைஞ்ச எடத்தையும் ஒழுகற எடத்தையும்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மொத மொதல்ல ஒண்ணு பிரயோஜனப்பட்டுச்சு." சொல்லிவிட்டுக் குனிந்து எழுத ஆரம்பித்தார். ஆட்சேபணை தள்ளப்பட்டது என்று அவர் சொன்னபோது அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மாவும் கும்பிட்டாள்.

எழுதிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். "இப்ப அங்க இருக்கறது நீங்க ரெண்டு பேரும்தான். யார் பேருல எழுத?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னாள். "அவ பேருல எழுதுங்க."

"நீங்கதானே மூத்தவங்க? அந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பொறந்ததே அங்கதாங்க. நடுவுல ரெண்டு வருஷம் இல்ல."

"அப்ப நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நாளைக்கி மாத்தணும்னா லேசில முடியாது."

"யோசிச்சாச்சுங்க."

"அண்ணி..." என்றாள் அம்மா. அத்தை அவள் தோளைத் தொட்டு, கைநாட்டு வைக்கும் இடத்துக்கு நகர்த்திவிட்டாள்.

பின்னாளில் படிப்பதற்காகத் தஞ்சாவூருக்கே போய் அங்கே நாலு வருஷம் இருந்தேன். மழைநாளில் அந்தக் கோயில் மதில் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அறை நினைவுக்கு வரும். அம்மா ஏன் வாசலில் நின்றாள் என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. அத்தை செய்தது புரிய இன்னும் நாளாயிற்று. புருஷன் இல்லாமல், பிள்ளை இல்லாமல், தம்பி வீட்டில் இருப்பவள். தம்பி பெண்டாட்டிக்கு மனம் மாறினால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. இது என் வீடு என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதம் அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எதிரே வந்தது. ஒன்பது மாதம் தன்னோடு முகம் கொடுத்துப் பேசாதவளின் பக்கம் அதை நகர்த்திவிட்டாள். அப்பா தை மாதம் வந்தார். கூரை மாற்றினோம். அத்தை கடைசிவரை அந்த வீட்டில்தான் இருந்தாள். அம்மா அவளிடம் கேட்காமல் அங்கே ஒரு கம்பத்தைக்கூட மாற்றியதில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. உத்தரவு தபாலில் வரும், அதுவரைக்கும் கையில் இருக்கட்டும் என்று அதிகாரி முத்திரை குத்தி ஒரு தாள் கொடுத்திருந்தார். அத்தை அதைச் சாக்கின் உள்மடிப்பிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"படி பாப்போம், என்ன எழுதியிருக்கு?"

எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதி சொல் புரியவில்லை. அம்மாவின் பெயர் வந்த இடத்தில் அத்தை, "இன்னொரு வாட்டி படி" என்றாள். படித்தேன். அடிவரைக்கும் போய்ப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பாவம், அவ்வளவு நல்ல மனிதர் ஒரு முக்கியமான விஷயத்தை மறந்துவிட்டார் என்று தோன்றியது.

"அத்தை, இதுல உன் பேரே இல்ல."

"இல்லையா?" என்று சிரித்தாள் அவள்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே தண்ணீரில் வெயில் விழுந்து பளபளவென்று இருந்தது, அதைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

என் பையில் ஒரு பென்சில் துண்டு இருந்தது. அதை எடுத்து, அம்மா பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, நானே எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஐயையோ, வேண்டாம், வேண்டாம்" என்று அத்தை தாளைப் பிடுங்கிக்கொண்டாள். என் கையெழுத்து நன்றாக இருக்காது, தாள் கெட்டுப்போகும் என்று அவள் நினைத்துவிட்டாள் என்று எனக்குத் தாங்கவில்லை. வகுப்பிலேயே என் கையெழுத்துத்தான் அழகு, வாத்தியாரே எல்லாருக்கும் எடுத்துக் காட்டுவார் என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

"தெரியும்டி" என்றாள் அத்தை.